தேஎ: ஒரு குட்டிச் சொல்லிடம் ஊர் பேர் விசாரிப்பது எப்படி?

‘ஆறு’ என்று ஒரு தாளில் எழுதி, தமிழை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கும் வெளிநாட்டு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள். அகராதியைப் புரட்டிவிட்டுத் திண்டாடுவார். நதியா, ஐந்துக்கு அடுத்த எண்ணா, ‘சூடு தணி’ என்ற ஏவலா, ‘அறத்தாறு’ என்பதில் வருகிற வழியா? நமக்கு அந்தத் திண்டாட்டமே இல்லை. ‘ஆற்றில்’ என்றால் நதி, ‘ஆறில் ஒரு பங்கு’ என்றால் எண், ‘ஆறிப்போன காப்பி’ என்றால் சூடு. வாலைப் பார்த்தே தலை எதுவென்று சொல்லிவிடுகிறோம்.

பின்லாந்து வளைகுடாவின் இரு கரைகளிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. ரோமன் எழுத்தில் ஒரு டி, இரண்டு இ, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது கோல்ஃப் பந்தைத் தாங்கும் சின்ன ஆணி. எஸ்தோனிய மொழியில் சாலை, தேநீர், ‘செய்!’ என்ற கட்டளை எல்லாம் அதுவே. வளைகுடாவைத் தாண்டி சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே போனால் பின்னிஷ் மொழியில் தேநீர் உண்டு, ‘செய்!’ உண்டு, சாலை மட்டும் காணாமல் போய்விடுகிறது. சொல்லாராய்ச்சியில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிச் சொல் எனக்குத் தெரியாது. சொல் சிறியது, சிக்கல் பெரியது, விடை உறுதியானது.

தொடங்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். பின்னிஷ், எஸ்தோனியம், கரேலியம், வெப்ஸ், வோத்தியம் போன்றவை பின்னிக் கிளை மொழிகள். ஹங்கேரிய மொழி தூரத்துப் பங்காளியாக இருக்கும் யூராலியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே ஆங்கிலச் சொல்லும் எஸ்தோனியச் சொல்லும் ஒரே மாதிரி இருந்தால் முதலில் அதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உறவு உண்டு என்று சொல்பவர்தான் சாட்சி கொண்டுவர வேண்டும்.

முதல் படி: கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள்

எழுத்து ஏமாற்றும். ஆங்கிலேயர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்து விளிம்பில் பட்டு, ஒரு மூச்சும் சேர்ந்து வெளியே வரும். தமிழ்க் காதுக்கு அது ‘டீ’. பின்லாந்துக்காரர் சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறது, மூச்சு சேர்வதில்லை, உயிரும் ஈகாரம் இல்லை. நம் ‘தேயிலை’யின் முதல் எழுத்தை அப்படியே சொன்னால் போதும்.

எஸ்தோனிய மொழியில் இன்னும் ஒரு நுட்பம். அங்கே ஓசையின் நீளம் குறுகியது, நீண்டது, மிக நீண்டது என்று மூன்று வகைப்படும். ஐரோப்பியர்களுக்கு இதை விளக்க ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள். நமக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குறில், நெடில், அளபெடை. இரண்டாம் குறளில் ‘தொழாஅர்’ என்று நீட்டுகிறோமே, ஏறத்தாழ அந்த நீட்டல்தான். ‘சதா’ என்று குறுக்கினால் நூறு, ‘சாதா’ என்று நீட்டினால் ‘அனுப்பு’, ‘சாஅதா’ என்று இன்னும் நீட்டினால் ‘பெறுதல்’. பின்னிரண்டும் ரோமன் எழுத்தில் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன! ஓரசைச் சொல் எப்போதும் மூன்றாவது நீளத்தில் நிற்கும் என்பதால், நம் சொல்லைத் தமிழில் ‘தேஎ’ என்று எழுதுவதுதான் நியாயம். இனி இந்தக் கட்டுரையில் டீ என்றால் ஆங்கிலச் சொல், தேஎ என்றால் பின்னிக் சொல்.

இரண்டாம் படி: பொருள்களைத் தனித்தனியே எழுதுங்கள், ஒட்டவைக்காதீர்கள்

ஒரு பொருளுக்கு ஒரு வரி. இரண்டு பொருள்களுக்கு நடுவே அம்புக்குறி போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். நான் போட்டேன். கோல்ஃப் ஆட்டத்தில் டீ என்பது பந்து புறப்படும் இடம். எஸ்தோனிய மொழியில் தேஎ என்பது சாலை. பயணம் புறப்படும் இடத்திலிருந்துதானே சாலை தொடங்குகிறது! ஸ்காட்லாந்துக்கும் பால்டிக் கரைக்கும் கப்பல் போக்குவரத்து இருந்தது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தைப் பார்த்தேன். அம்பை அழிக்க ரப்பர் தேட வேண்டியதாயிற்று.

ஆங்கிலப் பட்டியல் இது: டி என்ற எழுத்தின் பெயர், அந்த எழுத்தின் வடிவத்தில் உள்ள குழாய் இணைப்பு, கைகளை விரித்து வைத்தால் அதே வடிவம் காட்டும் பனியன், அதாவது டீ-ஷர்ட், கோல்ஃப் ஆணி, கர்லிங் என்ற பனிக்கட்டி ஆட்டத்தில் இலக்கு வட்டத்தின் நடுப்புள்ளி, பகோடாவின் உச்சியில் நிற்கும் குடை. முதல் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. மற்றவற்றை விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் படி: முதலில் ஆங்கில வீட்டைப் பெருக்குங்கள்

கோல்ஃப் ஆணியின் கதை சுவாரஸ்யமானது. 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் அதற்குப் பெயர் ‘டீஸ்’. அது ஒருமை. கேட்டவர்கள் கடைசி ஸ்-ஐப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டிவிட்டார்கள், ‘டீ’ மிஞ்சியது. பட்டாணிக்கும் ஆங்கிலத்தில் இதே கதிதான். ‘பீஸ்’ என்பதே ஒருமையாக இருந்தது, வாலை வெட்டி ‘பீ’ ஆக்கினார்கள். ‘டீஸ்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவரை உறுதியான விடை கிடைக்கவில்லை. ஆனால் ஸகரத்தில் முடிந்த அந்தப் பழைய வடிவம் ஒன்றே என் சாலைக் கற்பனையைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது.

பொருளையும் கொஞ்சம் பாருங்கள். அந்தக் காலத்து டீ ஆணியே இல்லை. ஈர மணலை விரல்களால் கிள்ளிக் குவித்த சிறு கூம்பு, அதன்மேல் பந்து. ஆட்டம் தொடங்கும் இடத்தில் மணல் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். ஆடி முடிப்பதற்குள் கையெல்லாம் சேறு. பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட் இதில் சலித்துப்போய், மரத்தாலான ஆணி ஒன்றைச் செய்து 1899 டிசம்பர் 12 அன்று காப்புரிமை பெற்றார். ஹார்வர்டில் ஆசிரியராகப் பணியாற்றிய முதல் கறுப்பினத்தவர் அவர். ஆணிகளை விற்றுப் பணம் பண்ணாமல் நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் தகவல். சொல்லாராய்ச்சிக்குத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பகோடாக் குடை முற்றிலும் வேறு. அது பர்மிய மொழியில் குடையைக் குறிக்கும் ‘தீ’ என்ற சொல். யாங்கூனில் ஷ்வேடகோன் பகோடாவின் உச்சியில் பொன்னும் மணியுமாக நிற்பது அதுதான். ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதியபோது அது கோல்ஃப் ஆணிக்கு இரட்டைப் பிள்ளை ஆகிவிட்டது. ஆகவே ஒரே மொழிக்குள்ளேயே மூன்று வேறு பிறப்பிடங்கள்: லத்தீன் எழுத்துப் பெயர் ஒன்று, ஸ்காட்லாந்து மணல் குவியல் ஒன்று, பர்மியக் குடை ஒன்று.

பட்டியலில் இல்லாத நான்காவது ஒன்றும் இருக்கிறது. லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25 அன்று தன் நாட்குறிப்பில், அதுவரை தான் குடித்தறியாத ஒரு சீன பானத்தை வரவழைத்துக் குடித்ததாக எழுதினார். அதை அவர் எழுதிய எழுத்துகள்? டி, இ, இ. இன்றைய எஸ்தோனியத் தேநீர்ச் சொல்லின் அதே எழுத்துகள்! ஆங்கிலத் தேநீர்ச் சொல்லின் எழுத்து பின்னால்தான் மாறியது. உச்சரிப்பும் அப்போது பெரும்பாலும் ‘டே’ தான். 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் போப் அதை ‘ஒபே’ என்ற சொல்லுக்கு இயைபாக வைத்திருக்கிறார். ஆக, தேநீர் என்ற ஒரே ஒரு பொருளில் மட்டும் ஆங்கிலத்துக்கும் பின்னிக் மொழிகளுக்கும் மெய்யான தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பை ஆறாம் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: வாலைப் பிடியுங்கள்

இப்போது வளைகுடாவுக்கு வருவோம். தேஎ என்ற ஏவலை அகராதியில் அப்படியே தேடினால் கிடைக்காது. எஸ்தோனிய அகராதிகள் வினையை வேறொரு வடிவத்தில் வைத்திருக்கும், அது ‘தெகெமா’. பின்னிஷ் அகராதியில் ‘தெஹ்தா’. தமிழில் ‘போ’வைத் தேடுபவர் ‘போதல்’ என்ற இடத்தில் பார்ப்பது போலத்தான்.

வினையை மூன்று நான்கு இடங்களில் ஓடவிட்டுப் பாருங்கள். பின்னிஷில் ‘தேன்’ என்றால் ‘செய்கிறேன்’. (ஆமாம், காதுக்கு நம் தேன்தான். உறவு எதுவும் கிடையாது, நப்பாசை வேண்டாம்.) ‘தெக்கே’ என்றால் ‘செய்கிறான்’ அல்லது ‘செய்கிறாள்’, பின்னிக் மொழிகளுக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது. எஸ்தோனிய மொழியில் ‘தெகி’ என்றால் ‘செய்தான்’. நடுவே ஒரு ககரம் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தீர்களா? அதுதான் இந்தச் சொல்லின் உண்மையான எலும்பு. வேர் ‘தெகெ’ போன்ற ஒன்று. ஏவலில் ககரம் தேய்ந்து மறைந்து, இரு பக்கத்து உயிர்களும் ஒட்டிக்கொண்டு ‘தேஎ’ ஆகிவிட்டது. தேநீருக்கோ சாலைக்கோ இந்தக் ககரம் எங்கேயும் வராது. வினை தனி என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம்.

பின்னிஷில் இன்னொரு அழகான தடயம். ‘கேக் செய்’ என்பதை ‘தே கக்கு’ என்று எழுதுவார்கள், ஆனால் ‘தேக்கக்கு’ என்று சொல்வார்கள். பழைய ஏவலின் கடைசியிலும் ஒரு க் இருந்தது. அது மறைந்துபோனாலும் அடுத்த சொல்லின் முதல் மெய்யை இரட்டிக்கச் செய்கிறது. தேநீர் என்ற ‘தே’ அப்படி இரட்டிக்காது. வலி மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் தலையில் குட்டு வாங்கிய நமக்கு இது அந்நியமா என்ன?

இனி பெயர்ச்சொற்கள் இரண்டு: சாலை, தேநீர். எஸ்தோனிய மொழியில் இவற்றின் வாலைப் பிடித்தால் கையில் ஒன்றும் சிக்காது. எல்லா வேற்றுமையிலும் இரண்டும் ஒன்றுபோலவே திரிகின்றன. போதாததற்கு ‘தேஎத்’ என்ற வடிவம் சாலைகள், தேநீர்கள், சாலையை, தேநீரை, ‘நீ செய்கிறாய்’ எல்லாவற்றுக்கும் பொது. ‘தேஎ தேஎத்’ என்றால் ‘தேநீர் போடு’. ‘ஹெஅத் தேஎத்’ என்று வழியனுப்புவார்கள். ‘நல்ல வழி அமையட்டும்’ என்று பொருள், ‘நல்ல தேநீர்’ என்று எடுத்துக்கொண்டாலும் இலக்கணம் தடுக்காது.

வாலும் கைவிட்டால் என்ன செய்வது?

ஐந்தாம் படி: அக்கா வீட்டில் போய்க் கேளுங்கள்

நம் ஆற்றுக்கே திரும்புவோம். நதி என்ற ஆறு, வழி என்ற ஆறு, இரண்டும் ‘ஆற்று’ என்றே திரிகின்றன: ஆற்றுமணல், ஆற்றுப்படை. தமிழுக்குள் இன்றைய வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. ஆனால் சங்கப் பாடல்களில் நதி ‘யாறு’. தெலுங்கில் நதி ‘ஏரு’. வழிக்கு அந்த யகரம் இல்லை. பழைய வடிவமும் சகோதர மொழியும் சேர்ந்து, வேறு வேறு சொற்கள் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

எஸ்தோனியம் மறைத்ததைப் பின்னிஷ் அதேபோலக் காட்டிக்கொடுக்கும். பின்னிஷில் தேநீர் ‘தே’, சாலை ‘தியெ’. இது தனியொரு சொல்லின் விசித்திரம் இல்லை, வரிசையாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். எஸ்தோனிய மொழியில் நாக்கும் மொழியும் ‘கேல்’, பின்னிஷில் ‘கியெலி’. மனம் இங்கே ‘மேல்’, அங்கே ‘மியெலி’. ஆண் இங்கே ‘மேஸ்’, அங்கே ‘மியெஸ்’. பழைய பின்னிக் மொழியின் நெடில் ஏகாரம் எஸ்தோனிய மொழியில் அப்படியே நின்றது; பின்னிஷில் ‘இயெ’ என்று பிளந்தது. இப்படி நான்கைந்து இணைகள் கிடைத்தால்தான் அதை ஒலிவிதி என்று நம்பலாம். ஒற்றை இணையை வைத்துக்கொண்டு யாராவது வந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் தேநீரும் ஏவலும் பின்னிஷில் ஏன் ‘தியெ’ ஆகவில்லை? அந்த பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு வந்தவர்கள் அவர்கள். ஏகாரம் பிளந்த காலத்தில் ஏவலின் நடுவே ககரம் இன்னும் உயிரோடு இருந்தது, நெடிலே பிறந்திருக்கவில்லை. தேநீரோ சுவீடிஷ் வழியாக மிகப் பிந்தி வந்த விருந்தாளி. ஒரே எழுத்தில் நிற்கும் மூன்று சொற்களுக்கு இப்போது வயது வரிசை கிடைத்துவிட்டது: சாலை மூத்தது, நெடிலான ஏவல் நடுப்பிள்ளை, தேநீர் கடைக்குட்டி.

சாலைச் சொல்லுக்குப் பிள்ளை குட்டியும் உண்டு. பின்னிஷில் ‘அறிதல்’ என்பது ‘தியெத்தா’; சாலையிலிருந்து பிறந்த வினை, வழி கண்டுபிடிப்பதுதான் அறிவு என்ற கணக்கு. கணினிக்குப் பின்லாந்தில் ‘அறிவு எந்திரம்’ என்று பெயர், அதற்குள்ளும் இந்தச் சாலை ஒளிந்திருக்கிறது. எஸ்தோனிய மொழியில் ‘எனக்குத் தெரியாது’ என்பதன் கடைசிச் சொல் ‘தெஅ’. ரோமன் எழுத்தில் அது ஆங்கிலத் தேநீரேதான்! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் கண்ணுக்கு, அங்கே எல்லோரும் தேநீர் வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே இருப்பது போலத் தோன்றும்.

ஆறாம் படி: கடன் சொல்லுக்கு வழித்தடம் கேளுங்கள்

பிறந்த சொல்லுக்கு ஒலிவிதி. வந்த சொல்லுக்குப் பயணச்சீட்டு. தென்சீனக் கடற்கரையில், அமோய் பகுதியின் மின்னான் பேச்சில் தேயிலை ‘தே’. டச்சுக் கப்பல்கள் சரக்கோடு சொல்லையும் மேற்கு ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. அங்கிருந்து சுவீடிஷ் வழியாகப் பின்லாந்துக்கு, ஜெர்மன் வழியாக எஸ்தோனியாவுக்கு. சீனாவின் மற்ற பகுதிகளில் அது ‘ச்சா’. தரைவழியாகப் பாரசீகம், ரஷ்யா என்று போன இடமெல்லாம் ‘சாய்’.

இந்த இரண்டு வழித்தடங்களும் பின்னிக் மொழிகளுக்கு நடுவிலேயே முட்டிக்கொள்கின்றன. ரஷ்யாவின் பக்கம் வாழும் கரேலியர்களுக்குத் தேநீர் ‘சுவாயு’, வெப்ஸ் மக்களுக்கு ‘சாய்’. சாலைக்குக் கரேலியத்தில் ‘தியெ’, வெப்ஸில் ‘தெ’. அது பூர்விகச் சொத்து, எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தேநீர் பக்கத்து வீட்டில் வாங்கியது, ஆளுக்கு ஒரு பக்கத்து வீடு. ஒரு சொல் பூர்விகமா கடனா என்று சோதிக்க இது எளிய வழி.

செங்கோட்டையில் டீ, மலையைத் தாண்டினால் சாயா என்று நாம் பார்க்கும் எல்லைக்கோடும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தமிழுக்குள் ‘தேயிலை’, ‘தேநீர்’, யாழ்ப்பாணத்துத் ‘தேத்தண்ணீர்’ ஆகியவற்றில் அமோயின் பழைய ஏகாரம் இருக்கிறது. ‘டீ’ என்பதில் ஆங்கிலேயர் நாவில் மாறிய பிந்திய ஈகாரம் இருக்கிறது. எஸ்தோனியர் ஒருவருக்குத் ‘தேயிலை’ என்று சொல்லிக் காட்டினால் முதல் எழுத்திலேயே பாதி புரிந்துகொள்வார்.

ஏழாம் படி: கூட்டுச் சொற்களில் சோதித்துப் பாருங்கள்

ஒரு குளிர்காலத்தில் எஸ்தோனியச் செய்தித் தலைப்பு ஒன்றைப் பெருமையோடு மொழிபெயர்த்தேன்: ‘ஐஸ் டீ திறக்கப்பட்டது’. ‘யாதே’ என்ற சொல்லைக் கடையில் பாட்டிலின் மேல் பார்த்திருக்கிறேன். பனிக்கட்டி, தேநீர், சந்தேகமே இல்லை. ஏதோ புது பானத்தின் அறிமுக விழா என்று நினைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். உறைந்த கடல், அதன்மேல் வரிசையாகக் கார்கள்.

அது பனிச்சாலை. கடுங்குளிர் ஆண்டுகளில் கடல் போதிய தடிமனுக்கு உறைந்தால், பெருநிலத்துக்கும் ஹியுமா தீவுக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலின் மேலேயே சாலை திறப்பார்கள். சீட் பெல்ட் போடக்கூடாது. பனி உடைந்தால் உடனே குதித்து வெளியேற வேண்டும். நடுத்தர வேகத்தில் போகக்கூடாது. ஒன்று மெதுவாக, 25 கிலோமீட்டருக்குக் கீழே. இல்லையென்றால் வேகமாக, 40க்கு மேலே. இடைப்பட்ட வேகத்தில் பனிக்கடியில் எழும் அலை பனியைப் பிளந்துவிடக்கூடும். எஸ்தோனிய மொழியில் குளிர்ந்த தேநீரும் இந்தச் சாலையும் ஒரே சொல். பின்னிஷில் எழுதியிருந்தால் எனக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது; அங்கே சாலை ‘யாதியெ’, பானம் ‘யாதே’.

‘தேலெஹ்த்’ இன்னொன்று. தேயிலை என்றும் படிக்கலாம். ஆனால் செடிகளைப் பற்றிய பேச்சில் வந்தால் அது பாதையோரம் மிதிபட்டு வளரும் ஓர் அகன்ற இலைச் செடி, ‘சாலை இலை’. ரயில் பாதைக்கு ‘ரவுத்தே’, அதாவது இரும்புச் சாலை. நாம் சொல்லும் இருப்புப்பாதையேதான். பால்வெளி அவர்களுக்கு ‘லின்னுதே’, பறவைகளின் சாலை. கூட்டுச் சொல்லில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்தே தேஎ யாரென்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வினையும் இப்படி அடிக்கடி கண்ணில் படும்: 2008 மே 3 அன்று சுமார் 50,000 எஸ்தோனியர்கள் காடு மேடெல்லாம் குப்பை பொறுக்கிய இயக்கத்தின் பெயர் ‘தேமே ஆரா’, ‘செய்து முடிப்போம்’. அதைச் ‘சாலை’ என்று படித்தால் ஒன்றும் ஓடாது.

கடைசிப் படி: தூரத்து உறவை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்

‘தெகெ’ என்ற அந்தப் பழைய வேரை ஹங்கேரிய மொழியிலும் காணலாம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ‘வை, செய்’ என்ற பொருளுடைய ஒரு வேர் உண்டு. ஆங்கிலத்தின் ‘டூ’ அதன் வழிவந்தது. யூராலிய மொழிகள் மிகத் தொன்மையான காலத்தில் அங்கிருந்துதான் ‘தெகெ’யைக் கடன் வாங்கின என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை. உண்மையாக இருந்தால், தேஎ என்ற ஏவலுக்கு ஆங்கிலத்தில் உறவு டீ அல்ல, உருவத்தில் ஒட்டாத ‘டூ’. இதுபோன்றவற்றை மை போட்டு எழுதாதீர்கள்.

கருவிகளுக்குச் செலவு அதிகம் இல்லை. எஸ்தோனிய மொழி நிறுவனமும் பின்லாந்து மொழிகள் நிறுவனமும் தங்கள் அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், சொல்லின் திரிபு அட்டவணையையும் கட்டாயம் திறந்து பாருங்கள்.

இனி உங்கள் முறை. ‘ஹல்லிதுஸ்’ என்று ஒரு சொல். பின்லாந்தில் அது அரசாங்கம். எஸ்தோனியாவில் ரொட்டியின் மேல் பூக்கும் பூஞ்சணம். சிரித்து முடித்துவிட்டு வாலிலிருந்து தொடங்குங்கள். ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: எஸ்தோனிய மொழியில் ‘ஹல்’ என்றால் சாம்பல் நிறம்.